கடைமுழுக்குக்கு முதல் நாள் ராத்திரி

அன்புள்ள ஐயா,

பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 'வரலாற்றில் இன்று' வாசிப்பது என் பொறுப்பு. நவம்பர் 16-க்குத் தயாரித்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. 1945-இல் யுனெஸ்கோவின் அமைப்புச் சட்டம் ஏற்கப்பட்ட நாள். போர்ச்சுகீசிய எழுத்தாளர் ஜோசே சரமாகோ (1922), நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபி (1930), பாகிஸ்தான் பந்துவீச்சாளர் வக்கார் யூனிஸ் (1971), பேட்மிண்டன் கோபிசந்த் (1973) நான்கு பேருக்கும் பிறந்த நாள். 2013-இல் சச்சின் மும்பை வான்கடே மைதானத்தில் விடைபெற்ற நாளும் அதுதான். ஒரே நாளில் இத்தனை சேர்வதற்கு ஏதாவது பொருள் உண்டா, வெறும் தற்செயலா? இதில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

அன்புடன்,
ச.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை தோப்பில் நின்றுகொண்டிருந்தேன். கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னம்பிள்ளைகளில் வடக்கு ஓரத்து வரிசை இப்போதுதான் பாளை விட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து உங்கள் பட்டியலைப் படித்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கேள்விக்குப் பதில் சின்னதுதான். தற்செயல். வருஷத்துக்கு 365 நாள்தான் இருக்கிறது, உலகத்தில் நடப்பதை எல்லாம் அதற்குள்தான் அடைத்தாக வேண்டும். எந்த நாளைத் திறந்தாலும் நிரம்பி வழியும். 23 பேர் கூடிய இடத்தில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்த நாள் அமைய பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. உங்கள் வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் பத்துக்கு ஒன்பது. நாளைக்கே கேட்டுப் பாருங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கிரிக்கெட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. 1989 நவம்பர் 15 அன்று கராச்சியில் தொடங்கிய டெஸ்டில் சச்சினும் வக்காரும் ஒன்றாக அறிமுகமானார்கள், சச்சினை 15 ரன்னில் வக்கார்தான் ஸ்டம்பைச் சாய்த்து அனுப்பினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பையன்கள் காது கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

இப்போது நான் கேட்கிறேன். உங்கள் பட்டியலை மூன்று முறை படித்தேன். கஜா எங்கே?

பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் என்கிறீர்கள். 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை மணியிலிருந்து இரண்டரை மணிக்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரைக்கும் தென்னை படுத்தது. உங்கள் முன்னால் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் அப்பாக்கள் அந்த வருஷத்துக் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு, அந்தத் தேதியில், லண்டனில் ஒரு சட்டம் ஏற்கப்பட்டதைச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட உங்களுக்கு எப்படி மனசு வந்தது? உங்கள் மேல் கோபம்தான், மறைக்கவில்லை. யாரோ எங்கோ போட்டுவைத்த பட்டியலை எடுத்து, இரண்டு பெயரைக் கூட்டி, இரண்டைக் குறைத்து வாசிக்கிறீர்கள். அந்தப் பட்டியலைப் போட்டவருக்குப் பேராவூரணி தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் வேதாரண்யத்துக்கு வடக்கே. விடிந்தால் ஐப்பசி கடைசி நாள், காவிரியில் முழுகும் கடைமுழுக்கு. மயிலாடுதுறைத் துலாக்கட்டத்துக்கு வருஷம் தவறாமல் போகிறவள் என் அம்மா. புயல் என்று ரேடியோவில் சொல்லியும், "அது சென்னைக்கோ கடலூருக்கோ போயிடும்" என்று, மாற்றுப் புடவை, மஞ்சள், தீர்த்தம் எடுக்க ஒரு செம்பு எல்லாவற்றையும் ஒயர்க்கூடையில் வைத்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தாள். விடியக்காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் அவளுக்கு.

பதினொன்றரை வாக்கில் வடக்கிலிருந்து பிடித்தது. ஓடு ஒவ்வொன்றாகக் கிளம்புகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்புறம் ஒரு கட்டத்தில் எல்லாம் நின்றது. இலை அசையவில்லை. பக்கத்து வீட்டார் டார்ச் லைட்டோடு வெளியே வந்து, "முடிஞ்சிடுச்சு போல" என்றார்கள். புயலின் கண், காற்றில்லாத அதன் நடுப்பகுதி, எங்கள் தலைக்கு மேலே இருந்தது. அம்மாதான் கத்தினாள், "உள்ள போங்க, தெக்கத்திக் காத்து பாக்கி இருக்கு." கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடித்தது. வடக்குக் காற்றில் வேர் தளர்ந்து சாய்ந்து நின்ற மரங்களை எதிர்க்காற்று பிடித்துத் திருகியது. காலையில் போய்ப் பார்த்தால் பாதி மரம் வேரோடு கிடந்தது, பாதி நடுவில் முறுக்கிக்கொண்டு ஒடிந்து, நார் நாராக நின்றது. பச்சைக் காய்கள் தண்ணீரில் மிதந்தன. ஒயர்க்கூடை மட்டும் ஆணியிலேயே தொங்கியது, புடவை நனைந்து சாயம் இறங்கி.

பாக்கிக் காற்று இருக்கிறது என்று அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? 1952 புயல். அப்போது அவள் தன் அம்மாவின் வயிற்றில் இருந்தாள். கண் தாண்டும்போது வெளியே போனவர்களைப் பற்றிப் பாட்டி சொல்லிச் சொல்லி இவள் காதில் ஏறியது. இதைத்தான் தம்பி நான் வரலாறு என்கிறேன். 66 வருஷம் கழித்து ஒரு வீட்டில் நான்கு பேர் உயிரோடு இருக்கிறோம் அதனால்.

இன்னொன்று. அம்மாவிடம் கஜா எப்போது அடித்தது என்று கேளுங்கள், நவம்பர் 16 என்று சொல்ல மாட்டாள். "கடைமுழுக்குக்கு மொத நாள் ராத்திரி, வியாழக்கிழமை" என்பாள். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் வியாழக்கிழமை ராத்திரிதான். வெள்ளிக்கிழமை என்று சொல்வது கடிகாரம். பொழுது விடிந்தால்தான் நமக்கு மறு நாள். 'ஒரே நாள்' என்று நீங்கள் வியக்கும் விஷயத்தில் இத்தனை ஓட்டை இருக்கிறது. ஏப்ரல் 23-ஐ உலகப் புத்தக நாள் என்று உங்கள் யுனெஸ்கோ கொண்டாடுகிறதே, ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் 1616-இல் ஒரே தேதியில் மறைந்தார்கள் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். இங்கிலாந்தில் அப்போது பழைய நாட்காட்டி, ஸ்பெயினில் புதியது. சொல்லும் தேதி ஒன்று, இடையில் பத்து நாள். உங்கள் பட்டியலில் இருக்கும் சரமாகோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தது நவம்பர் 16, பதிவேட்டில் இருப்பது 18. அப்பா தாமதமாகப் பதியப் போனார், அபராதத்துக்குப் பயந்து இரண்டு நாள் தள்ளிச் சொல்லிவிட்டார்.

இதைப் படித்தபோது எனக்கு அந்த அப்பாவை நன்றாகத் தெரிந்தது போல இருந்தது. நம் பக்கத்தில் அறுபது வயது தாண்டியவர்களிடம் பிறந்த தேதி கேட்டுப் பாருங்கள். மே, ஜூன் என்றே வரும். பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது நிரம்ப வேண்டும் என்று தலைமையாசிரியர் போட்ட தேதி. என் அம்மாவுக்கும் ஜூன் 1. வயிற்றில் இருந்தபோது புயல், பிறந்தது தை மாதம் கார்த்திகை நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தன்றுதான் கோயிலில் அர்ச்சனை செய்வாள். ஜூன் 1 ஆதார் அட்டைக்கு.

டிசம்பர் வருகிறது, அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 25-க்குப் பட்டியல் போடும்போது 1968-இல் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேர் அதில் இல்லையென்றால் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். மறுநாள் 26. அன்று 2004-இல் டாக்காவில் வங்கதேசம் முதல்முறையாக ஒருநாள் போட்டியில் இந்தியாவை வென்றது. அதே நாள் காலையில் நாகப்பட்டினத்தில், அக்கரைப்பேட்டையில், வேளாங்கண்ணியில் கடல் உள்ளே வந்தது. இரண்டும் ஒரே தேதிதான். இரண்டையும் ஒரே குரலில், ஒரே வேகத்தில் வாசிக்க உங்களால் முடியுமா? முடியாது என்றால், எதை வைப்பது எதை விடுவது என்ற உங்கள் கேள்விக்கு உங்கள் தொண்டையே பதில் சொல்லிவிடும்.

யுனெஸ்கோவை எடுத்துவிடச் சொல்லவில்லை. அச்சிபியும் இருக்கட்டும், சச்சினும் இருக்கட்டும். எங்கள் தெருவில் இருபது பேர் எங்கள் வீட்டு டிவியில்தான் அந்த விடைபெறும் பேச்சைக் கேட்டு அழுதோம். ஆனால் முதல் வரி கஜா. அதை நீங்கள் வாசிக்க வேண்டாம். மரத்துக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும் என்று நிவாரணம் வந்ததை, அழுகிய மரத்தில் காண்டாமிருக வண்டு பெருகி மிச்சம் நின்ற மரத்தையும் குடைந்ததை, கேரளத்திலிருந்தும் வெளி மாவட்டங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் இடுப்புச் சேற்றில் நின்று கம்பம் நட்டதை, எங்கள் வீட்டில் இருபத்தெட்டாம் நாள் விளக்கு எரிந்ததை எல்லாம் உங்கள் பிள்ளைகள் வீட்டிலும் யாராவது சொல்வார்கள். முதல் நாளே ஒரு பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள், பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வரட்டும். இரண்டு நிமிஷம் போதும்.

வாசித்து முடித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பிள்ளையின் பாட்டி தேதியை எப்படிச் சொன்னாள் என்று அம்மா கேட்கச் சொன்னாள்.