அவளிடம் கேட்டீர்களா? (கடிதம்)

வணக்கம்.

என் மகளுக்கு 14 வயது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. ஒன்றரை வருடம் பெல்ட் போட்டும் நிற்காமல் வளைவு இப்போது 52 டிகிரி. அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்கிறார் மருத்துவர். இவள் வேண்டவே வேண்டாம் என்கிறாள். 18 வயது ஆகாததால் பெற்றோர் கையெழுத்து போதும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், ஸ்கேன் எடுக்கப் போகிறோம் என்று சொல்லி அட்மிட் செய்துவிடலாம், அப்புறம் புரிந்துகொள்வாள்" என்கிறார் என் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவள் மறுப்புக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டா? மருத்துவர் பணத்துக்காக அவசரப்படுத்துகிறாரா? மறதி நோயில் இருக்கும் என் மாமியாருக்கு மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிறோம், அதுவும் தவறா?

எம்.

அன்புள்ள எம்.,

மருத்துவம் பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. நான் மருத்துவர் இல்லை. உங்கள் கடிதத்தில் ஒரு வரி மட்டும் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை, அதனால் எழுதுகிறேன். "ஸ்கேன் எடுக்கப் போகிறோம் என்று சொல்லி." கிட்டத்தட்ட அதே வரியை நான் 11 வயதில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன்.

முதலில் உங்கள் கேள்விகள். மருத்துவர் பணத்துக்காகச் சொல்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? இன்னொரு மருத்துவரிடம் படங்களைக் காட்டிக் கேளுங்கள். 50 டிகிரியைத் தாண்டிய வளைவு, வளர்ச்சி நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடக்கூடும் என்பதால்தான் அந்த அளவில் அறுவை சிகிச்சைப் பேச்சு வருகிறது. அதில் சூழ்ச்சி எதுவும் இருக்கவேண்டியதில்லை. மாமியாரின் மாத்திரை விஷயம்: எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் நாள் முழுக்கச் சேரவேண்டிய மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். இன்றைக்கே மருத்துவரிடம் பட்டியலைக் காட்டுங்கள். ஒளித்துக் கொடுப்பது சரியா என்பதையும் அவரோடு உட்கார்ந்துதான் பேசவேண்டும், வீட்டு ரகசியமாக வைத்துக்கொள்ள அது சின்ன விஷயம் இல்லை. அப்புறம், மறதி நோய் என்றால் எல்லா நேரமும் எதுவுமே புரியாது என்று பொருள் இல்லை. காலையில் தெளிவாக இருப்பவர் சாயங்காலம் குழம்பிப்போகலாம். பண விவகாரம் புரியாதவருக்கு இந்த மாத்திரை வேண்டாம் என்பது புரியலாம். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் கேட்டுப் பார்த்தீர்களா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் 1985இல் கில்லிக் வழக்கில், சிகிச்சையைப் புரிந்துகொள்ளும் அறிவு வந்துவிட்டால் 16 வயதுக்குக் கீழே உள்ளவரும் தானே சம்மதம் தரலாம் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் சில வருடங்களிலேயே, சிறுவர்கள் சிகிச்சையை மறுத்தால் அந்த மறுப்பை நீதிமன்றம் தாண்டிப் போகலாம் என்று அங்கேயே தீர்ப்புகள் வந்தன. சரி என்று சொன்னால் பெரியவள், வேண்டாம் என்றால் குழந்தை. ஆகவே நீங்கள் கையெழுத்துப் போட்டால் பெரும்பாலும் எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்காது. போதுமா?

இப்போது உங்களைத் திட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் நான்கு பக்கம், மேலே சுருக்கித்தான் தந்திருக்கிறேன். அதில் டிகிரி இருக்கிறது, கணவர் சொன்னது இருக்கிறது, உங்கள் அக்கா சொன்னது இருக்கிறது, எந்த நர்ஸ் எந்த நாளில் என்ன சொன்னார் என்பதுகூட இருக்கிறது. உங்கள் மகள் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று ஒரு வரி இல்லை. நான் மூன்று தடவை தேடிப் பார்த்தேன். "வேண்டவே வேண்டாம் என்கிறாள்", அவ்வளவுதான். அதற்குப் பின்னால் அந்தப் பெண்ணுக்கு வாயே இல்லை. நீங்கள் அவளுக்காக அழுதிருக்கிறீர்கள், தாள் முழுக்கத் தெரிகிறது. ஆனால் கேட்கவில்லை, அம்மா. கேட்காமல் அழுவது எளிது.

அவள் காரணம் என்னவாகவும் இருக்கலாம். முதுகெலும்பில் திருகாணியும் கம்பியும் வைத்து எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டால் அந்தப் பகுதி இனி வளையாது, அவள் ஆடுகிறவளோ ஓடுகிறவளோ என்றால் அது அவளுக்குப் பெரிய இழப்பு. முதுகில் நீளமாக விழும் தழும்பாக இருக்கலாம். அறுவை சிகிச்சையின் நடுவில் எழுப்பிக் காலை அசைக்கச் சொல்வார்கள் என்று எங்காவது படித்திருக்கலாம், அது உண்மையாகவே இருந்த பழைய முறை, இப்போது பெரும்பாலும் நரம்புகளை மின்கருவி வைத்துக் கண்காணிக்கிறார்கள், அதை ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து விளக்கினால் பாதிப் பயம் போய்விடும். இல்லை, ஒன்றரை வருடம் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு சொன்னபடியெல்லாம் இருந்தும் வளைவு கூடிவிட்டதால், இனி இந்தப் பெரியவர்கள் சொல்லும் எதையும் நம்புவதில்லை என்று முடிவு செய்திருக்கலாம். எனக்கு அந்தச் சந்தேகம்தான் அதிகம். இவை எல்லாமே என் ஊகம். ஊகிக்கவேண்டிய தேவையே இருந்திருக்கக் கூடாது. அவள் உங்கள் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.

என் சின்ன மாமாவைப் பற்றிச் சொல்கிறேன். அம்மாவின் தம்பி. அறிவு வளர்ச்சிக் குறைவு என்று அவரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வார்கள். 30 வயது ஆளுக்கு ஏழு வயதுப் பிள்ளையின் புத்தி என்பார்கள், அந்தக் கணக்கை நான் எப்போதுமே வெறுத்திருக்கிறேன். வீட்டில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தையல் அவருக்குப் பிடிக்கும். கிழிந்த தலையணை உறை, பை, சட்டையின் அக்குள் எல்லாம் அவரிடம்தான் போகும். நிதானமாக, நெருக்கமாகத் தைப்பார். அவருக்குக் குடலிறக்கம் வந்தது. வயிற்றுச் சுவரின் தசை விட்டுப்போய், அந்த இடைவெளி வழியாகக் குடல் புடைத்துக்கொண்டு வரும். தாத்தா கையெழுத்துப் போட்டார். மாமா யார் சொன்னாலும் கிளம்பமாட்டார், என் கையைப் பிடித்தால் மட்டும் வருவார் என்பதால் என்னை அனுப்பினார்கள். "சும்மா போட்டோ எடுக்கத்தான் மாமா, உடனே வந்துடலாம்" என்றேன். அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, தலைவாரிக்கொண்டு வந்தார்.

அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. புண் நன்றாக ஆறியது. ஆனால் கண் விழித்ததும் வயிற்றின் கட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "என்ன எடுத்தாங்க?" எதுவும் எடுக்கவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஏன் நம்பவேண்டும்? போட்டோ என்று சொன்னதும் நான்தானே. அதன் பிறகு பல வருடம், யாராவது புதிதாக வீட்டுக்கு வந்தால் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டி அதே கேள்வியைக் கேட்பார். தெருவைக் கடக்கும்போது என் கையைப் பிடிப்பதை நிறுத்திவிட்டார். ஒருமுறை பல் சொத்தையாகி, கன்னம் வீங்கிக் காய்ச்சல் வரும்வரை யாரிடமும் சொல்லாமல் மறைத்துவைத்திருந்தார்.

எனக்கு 40 வயது தாண்டித்தான் உறைத்தது. "உள்ளே ஒரு கிழிசல் மாமா, தைக்கணும்" என்று சொல்லியிருந்தால் போதும். அந்த வீட்டிலேயே அதை யாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டிருக்கக்கூடியவர் அவர்தான். எந்த நூல், எத்தனை தையல் என்று கேட்டிருப்பார். ஒருவேளை அப்போதும் வரமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கலாம், நாங்கள் வற்புறுத்தித்தான் கூட்டிப்போக வேண்டியிருந்திருக்கலாம். இருந்தாலும் அவர் உடம்பில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 1995இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெற்றோர் தருவது அனுமதி, குழந்தை தரவேண்டியது இசைவு, இரண்டும் வேறு என்று பிரித்தார்கள். மதிக்கும் எண்ணம் இல்லாமல் குழந்தையின் கருத்தைக் கேட்காதீர்கள், மறுத்தாலும் சிகிச்சை செய்தே ஆகவேண்டிய நிலை என்றால் அதைக் குழந்தையிடம் நேராகச் சொல்லுங்கள், ஏமாற்றாதீர்கள் என்பது அதன் சாரம். உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று அவர் கேட்டதற்கும் பதில் இருக்கிறது. மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானுடவியலாளர் 1970களில் இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளோடு மருத்துவமனையில் பழகி ஆராய்ந்தார். மூன்று வயது முதல் ஒன்பது வயது வரை. யாரும் சொல்லாமலேயே அந்தக் குழந்தைகளுக்குத் தாங்கள் இறக்கப் போவது தெரிந்திருந்தது. அம்மா அப்பா வருத்தப்படுவார்கள் என்று, தெரியாததுபோல அவர்கள் நடித்தார்கள். பெற்றோரும் நடித்தார்கள். 14 வயதுப் பெண்ணிடம் ஸ்கேன் என்று சொல்லி அட்மிட் செய்யமுடியும் என்று நம்புகிறீர்களா?

கேட்டால் அவள் மறுத்துக்கொண்டே இருப்பாள், காலம் கடந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் நியாயம்தான். 2008இல் இங்கிலாந்தில் 13 வயதுப் பெண் ஒருத்தி இதய மாற்று அறுவை சிகிச்சை வேண்டாம் என்றாள். சின்ன வயதிலிருந்தே ஏகப்பட்ட சிகிச்சையைப் பார்த்துவிட்டேன், வீட்டில் இருக்கிறேன் என்றாள். நீதிமன்றம் வரை போவதாக முதலில் பேச்சு இருந்தது. குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வந்து அவளோடு பேசினார். அதற்குப் பிறகு வழக்கு கைவிடப்பட்டது. அடுத்த வருடம் உடல்நிலை மோசமானபோது அவளே மனம் மாறி இதயத்தை ஏற்றுக்கொண்டாள். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் மகளுக்கு இது உயிர் போகும் அவசரமும் இல்லை. மருத்துவரிடம் எத்தனை வாரம் பொறுக்கலாம் என்று கேளுங்கள். அந்த வாரங்களில் மருத்துவர் அவளிடம் தனியாகப் பேசட்டும், நீங்கள் இருவரும் வெளியே உட்காருங்கள். முடிந்தால் இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணை அவள் சந்திக்கட்டும். தேதியோ மயக்க மருந்து கொடுக்கும் வரை யார் கூட இருப்பது என்பதோ, அவள் முடிவு செய்யக்கூடியவை எத்தனையோ இருக்கின்றன, அவற்றை அவளிடம் கொடுங்கள். கடைசியில் அவள் சம்மதிக்காமலே நீங்கள் கையெழுத்துப் போடும்படி ஆனால், அவளுக்கு முன்னால், அவள் பார்க்கப் போடுங்கள்.

உங்கள் கடிதத்திலிருந்து அவள் பெயர், பள்ளி, அவளைப் பற்றிய வேறு சில விவரங்களை நீக்கிவிட்டேன். பிரசுரிக்க நீங்கள் அனுமதி தந்திருந்தீர்கள், அவள் தரவில்லை. மறுபடி எழுதுங்கள். இந்தத் தடவை உங்கள் கணவர் சொன்னதும் மருத்துவர் சொன்னதும் வேண்டாம், அவள் சொன்ன காரணத்தை எழுதுங்கள். என்னிடம் சொல்லலாமா என்று அவளைக் கேட்டுவிட்டு.