எடை குறைப்பு ஆபரேஷன்: ஸ்லீவா, பைபாஸா? பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ள வாசகியருக்குப் பதில்கள்

கேள்வி: வயது 28, உயரம் 156 செ.மீ., எடை 96 கிலோங்க. கல்யாணமாகி நாலு வருஷம். மாதவிலக்கு மூணு நாலு மாசத்துக்கு ஒருக்கா வரும், வந்தால் லேசில் நிற்காது. எடை குறைக்க, கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்லீவ் ஆபரேஷன் போதும் என்கிறார்கள், இன்னொன்றில் மினி பைபாஸ்தான் நல்லது என்கிறார்கள். பிசிஓஎஸ்ஸுக்கு எந்தது நல்லதுங்க? மூணு மாசச் சர்க்கரை சராசரி 5.9, ஹீமோகுளோபின் 9.4. நாங்கள் சுத்த சைவம். ராத்திரி படுத்தால் புளித்த ஏப்பம் நெஞ்சுக்கு ஏறுது.
– பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்

பதில்: நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ரத்தச்சோகை, சைவம், புளித்த ஏப்பம் இந்த மூன்றும்தான் முடிவைச் சொல்லப் போகின்றன. பிசிஓஎஸ் இருப்பதை வைத்து ஆபரேஷன் தேவையா என்று பேசலாம். எந்த ஆபரேஷன் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எடை இறங்கினால் இன்சுலின் இறங்கும், அதோடு சினைப்பையில் சுரக்கும் ஆண் ஹார்மோனும் குறையும், கருமுட்டை வெளிவரத் தொடங்கும். ஸ்லீவ், பைபாஸ் இரண்டிலும் இது நடக்கிறது. லண்டனில் 80 பெண்களிடம் நடத்தி 2024-ல் வெளியான ஆய்வில், ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு ஓராண்டில் கருமுட்டை வெளியானது, மருந்து மட்டும் எடுத்தவர்களைவிட இரண்டரை மடங்கு. ஆனால் அதில் பைபாஸை ஒப்பிடவில்லை. அதனால் 'பிசிஓஎஸ்ஸுக்கு மினி பைபாஸ்தான்' என்று யாராவது அடித்துச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

உங்கள் பிஎம்ஐ (உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பருமன் கணக்கு) 39. ஆசியருக்கு 27.5-க்கு மேலேயே ஆபரேஷனைப் பரிசீலிக்கலாம் என்பது 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டல். ஆகவே தகுதியில் சிக்கலில்லை.

ஸ்லீவில் இரைப்பையின் வெளிவளைவை ஒட்டி முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை நீளக் குழாயாக விடுவார்கள். குடலில் கை வைப்பதில்லை என்பதால் சத்து உறிஞ்சுவது பெரிதாகக் கெடாது. ஆனால் குறுகிய குழாயில் அழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறும். இருக்கிற நெஞ்செரிச்சல் மோசமாகலாம், இல்லாதவர்களுக்குப் புதிதாகவும் வரலாம். வெட்டியதைத் திரும்ப வைக்கவும் வழியில்லை.

பழைய முறை பைபாஸில் 30 மி.லி. அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை இரண்டு இடத்தில் இணைப்பார்கள். அமில ஏற்றத்துக்கு இதுவே நல்ல தீர்வு. மினி பைபாஸில் இணைப்பு ஒன்றுதான், நேரம் மிச்சம். ஆனால் 150 முதல் 200 செ.மீ. குடலை உணவு தொடாமலே தாண்டிவிடும். புரதமும் இரும்பும் குறைவது இதில் அதிகம், பித்தநீர் இரைப்பைக்குள் ஏறவும் வாய்ப்புண்டு. இரும்பு பெரும்பாலும் முன்சிறுகுடலில்தான் உறிஞ்சப்படுகிறது. எந்த பைபாஸும் அந்த இடத்தைத்தான் தாண்டுகிறது. ஹீமோகுளோபின் 9.4, பருப்பும் தயிரும் மட்டுமே புரதம், ஏற்கெனவே எதுக்களிப்பு: இப்படியொருவருக்கு மினி பைபாஸை நாங்கள் கடைசியில்தான் வைப்போம்.

முதலில் எண்டோஸ்கோபி. உணவுக்குழாயில் பெரிய புண்ணோ, பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியாவோ (இரைப்பை மார்புக்குள் ஏறியிருப்பது), பாரெட் மாற்றமோ (அமிலத்தால் உணவுக்குழாயின் உட்படலம் மாறியிருப்பது) இருந்தால் ஸ்லீவை மறந்துவிட்டுப் பழைய பைபாஸுக்குப் போங்கள். உணவுக்குழாய் சுத்தமாக இருந்தால் ஸ்லீவ் போதும். ஹெச். பைலோரி கிருமி இருந்தால் மருந்தில் ஒழித்துவிட்டே மேசையேற வேண்டும். ஃபெரிட்டின் (உடலில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, தேவையானால் இரும்பை நரம்பு வழியாகவே ஏற்றிக்கொள்ளுங்கள். மாத்திரையை நம்பி ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. தைராய்டு, புரோலாக்டின், கார்ட்டிசால் பரிசோதனைகளும் வேண்டும். பிசிஓஎஸ் போலவே தோன்றும் வேறு நோய்களை இவை காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றை எடை குறைப்பு மருத்துவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. முட்டை வெளிவராத மாதங்களில் கருப்பை உட்படலம் கழியாமல் தடித்துக்கொண்டே போகும். மாதக்கணக்கில் வராமல் பிறகு நிற்காமல் போகிறதென்றால், ஆபரேஷனுக்கு முன்பே பெண்கள் நல மருத்துவரிடம் உள்வழி ஸ்கேன் பார்த்து, தேவைப்பட்டால் படலத்தில் துளி எடுத்துப் பரிசோதியுங்கள். மாதவிலக்குக்காக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால், ரத்தம் உறையும் ஆபத்துக்காக அதைச் சுமார் 4 வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எடை குறைக்கிற மௌன்ஜாரோ ஊசி போட்டால் ஆபரேஷன் வேண்டாமுங்களா?
– வாசகி, ஈரோடு

பதில்: பிஎம்ஐ 30-ஐ ஒட்டி இருந்தால் ஊசியை முதலில் பார்ப்பதில் தவறில்லை. ஒன்றரை வருடம் போட்டால் அளவைப் பொறுத்துச் சராசரியாக 15 முதல் 20 சதவீத எடை இறங்குகிறது, ஆபரேஷனில் 25 முதல் 30. நிறுத்தினால் பெருமளவு எடை திரும்பும். குழந்தைக்கு முயல்கிறவர்கள் கருத்தரிப்பதற்கு முன்பே நிறுத்தியாக வேண்டும் (இன்னொரு எடை குறைப்பு ஊசியான வீகோவி என்றால் குறைந்தது 2 மாதம் முன்பு). மௌன்ஜாரோ கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 36. ஸ்லீவ் பண்ணி மூணு மாசம். 18 கிலோ குறைஞ்சிருக்குங்க, போன மாசத்தில் இருந்து மாதவிலக்கும் சரியாக வருது. என்ற அத்தை இந்த வருஷமே குழந்தைக்குப் பாருங்கறாங்க. பார்க்கலாமுங்களா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இப்போது வேண்டாம். எடை மளமளவென்று இறங்கும் காலத்தில் உங்களுக்கே சத்து பற்றாது, குழந்தை எடை குறைந்து பிறக்கலாம். பொதுவாக 12 முதல் 18 மாதம் பொறுக்கச் சொல்கிறோம். உங்கள் வயதில் 18 வரை இழுக்க வேண்டாம். எடை ஒரு நிலைக்கு வந்து, ரத்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தால் 12-லேயே தொடங்கலாம். ஏஎம்ஹெச் (சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இப்போதே பார்த்து வையுங்கள். மிகக் குறைவாக இருந்தால் கருத்தரிப்பு மருத்துவரிடம் முன்கூட்டியே பேச வேண்டியிருக்கும்.

அதுவரை கருத்தடை கட்டாயம். 'இத்தனை வருஷம் ஆகாதது இப்ப மட்டும் ஆயிருமா' என்று விடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. முட்டை வெளிவரத் தொடங்கிவிட்டது என்பதற்கு உங்கள் மாதவிலக்கே அறிகுறி. காப்பர்-டி அல்லது ஹார்மோன் ஐயுடி (அதேபோலக் கருப்பைக்குள் வைப்பது) நம்பகமானது. வாந்தியோ பைபாஸோ உள்ளவர்கள் மாத்திரையை நம்பக் கூடாது. முயற்சிக்கு 3 மாதம் முன்பிருந்து ஃபோலிக் அமிலம். அப்போதும் பிஎம்ஐ 30-க்கு மேல் என்றால் ஃபோலிக் அமிலம் 5 மி.கி. அளவில் வேண்டும். வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் உள்ள மாத்திரையை மாற்றிவிடச் சொல்லுங்கள்.

கர்ப்பமானதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் சொல்வார்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு, முக்கியமாக பைபாஸ்காரர்களுக்கு, இதனால் படபடப்பு, வியர்வை, மயக்கம்கூட வரலாம். நர்ஸம்மாவிடம் ஆபரேஷன் விவரத்தைச் சொல்லி, அதற்குப் பதிலாக 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பின்னும் பார்க்கலாமா என்று கேளுங்கள். பைபாஸ் ஆன கர்ப்பிணிக்கு விடாத வயிற்றுவலி வந்தால் வாயுக்கோளாறு என்று கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். உள்ளே குடல் பிதுங்கி மாட்டியிருக்கலாம். அன்றைக்கே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஸ்லீவ் பண்ணி நாலு மாசம் ஆச்சுங்க. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுது. சந்தகை, கம்மங்கூழ், கொள்ளு ரசம் இதுதான் இறங்குது. வாரத்தில் ரெண்டு மூணு நாள் வாந்தி.
– வாசகி, காங்கேயம்

பதில்: முடியைவிட வாந்திதான் எங்களுக்குக் கவலை. நாலு மாதத்துக்குப் பிறகும் வாந்தி நீடித்தால் குழாய் எங்காவது சுருங்கியிருக்கலாம்; எண்டோஸ்கோபியில் தெரியும், பலூன் வைத்து விரிக்கலாம். வாந்தியோடு தயாமின், அதாவது பி1, தீர்ந்துபோகும். கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது வந்தால் அவசர சிகிச்சை. அசதிக்கு என்று பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். தயாமின் ஊசி போடாமல் ஏற்றினால் அதுவே மூளையைப் பாதிக்கும். மருத்துவரிடம் 'எனக்கு ஸ்லீவ் ஆகியிருக்கு, முதலில் தயாமின்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அதே சமயம் சாப்பிடும் விதத்தையும் பாருங்கள். சந்தகை ஒட்டும் பண்டம், வேகமாக விழுங்கினால் அடைக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

முடி மூன்றாவது மாதம் முதல் கொட்டுவது வழக்கம், பெரும்பாலும் ஓராண்டுக்குள் திரும்பும். புரதமும் இரும்பும் இருந்தால்தான். நாளுக்கு 60 கிராம் புரதம் வேண்டும். கொள்ளு ரசத்தை எடைக்கு மருந்து என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், ஆனால் புரதம் முழுக்க சட்டியடியில் நிற்கும் கொள்ளில்தான் இருக்கிறது, அதைக் கடைந்து சாப்பிடுங்கள். முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் பனீரில் சுமார் 18, ஒரு டம்ளர் பாலில் 6. தட்டில் புரதம் முதலில், கூழ் கடைசியில். மீதிக்குப் புரதப் பொடி. கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் 2 மணி நேரம் தள்ளிப் போடுங்கள், இரும்பு போட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். நடுவகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனால் அது பிசிஓஎஸ் முடியுதிர்வு, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிஎம்ஐ 37. பிசிஓஎஸ், குழந்தையின்மை என்று எழுதினால் இன்சூரன்ஸ் கிடைக்குங்களா?
– வாசகரின் கணவர், நாமக்கல்

பதில்: அந்த இரண்டை மட்டும் எழுதினால் கிடைப்பது கஷ்டம். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விதிப்படி பிஎம்ஐ 40 இருக்க வேண்டும். 35-க்கு மேல் என்றால் கட்டுக்கடங்காத இரண்டாம் வகைச் சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை, இதயத் தமனி நோய், பருமனால் வந்த இதயத்தசை நோய் இவற்றில் ஒன்று வேண்டும். வேறு வழிகளில் எடை குறைக்க முயன்று பலிக்கவில்லை என்பதற்கான சீட்டுகளும் கேட்பார்கள். அம்மணி குறட்டை விடுகிறாரா, பகலில் தூங்கி விழுகிறாரா? பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு மூச்சுத்தடை அதிகம். அப்படியானால் ஒரு ராத்திரித் தூக்கப் பரிசோதனை செய்து, முடிவு கடுமையானது என்று வந்தால் அந்த அறிக்கையோடு முன்அனுமதிக்கு அனுப்புங்கள். பாலிசியில் காத்திருப்புக் காலம் முடிந்திருக்கிறதா என்று அதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.