பெயர்ப்பலகை மாட்ட முடியாத செலவுகள்: உகாண்டா கிராமத்திலிருந்து கேள்வி பதில்

கிழக்கு உகாண்டாவின் டெசோ பகுதியில், குமிக்கும் சொரோட்டிக்கும் நடுவே ஒரு கிராமத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். போனது அடிபம்பு வேலைக்கு. அப்புறம் பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம், தொழிற்பயிற்சி என்று எல்லாவற்றிலும் மாட்டிக்கொண்டேன். அந்த மாதிரி ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்கிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

சுமதி, ஈரோடு: நண்பர்கள் பத்துப் பேர் பணம் சேர்த்திருக்கிறோம். ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தரலாமா?

வேண்டாம். பள்ளிக்கூடம் அங்கே ஏற்கெனவே இருக்கும். 1997-லேயே உகாண்டா தொடக்கப்பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டது. ஒன்றாம் வகுப்பைப் பார்த்தால் உட்கார இடமில்லாமல் மாமரத்தடி வரைக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். ஏழாம் வகுப்பில் பெஞ்சு காலியாகக் கிடக்கும். இடையில் எங்கே போனார்கள் என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

கட்டணம் இல்லையே தவிர, சீருடை, நோட்டு, மதியக் கஞ்சிக்குச் சோளமும் பீன்ஸும் பெற்றோர்தான் தர வேண்டும். தராத வீட்டுப் பிள்ளை மதியம் சும்மா உட்கார்ந்திருக்கும். காலையிலும் வெறும் வயிறு, நாலைந்து கிலோமீட்டர் நடை. அந்தப் பிள்ளை இரண்டு மணிக்குத் தூங்காமல் என்ன செய்யும்? அப்புறம் மொழி. மூன்றாம் வகுப்பு வரை டெசோ மொழியில் படித்துவிட்டு, நாலாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும். நிறையப் பேர் விழுவது அங்கேதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடிய பள்ளிகள் முழுதாகத் திறந்தது 2022 ஜனவரி 10-ஆம் தேதி. உலகத்திலேயே நீண்ட மூடல் அது. திறந்த அன்று வராத பெண்பிள்ளைகளில் சிலரைச் சந்தையில் கைக்குழந்தையோடு பார்த்தேன்.

கட்டித்தான் ஆவேன் என்றால் ஆசிரியர்களுக்கு இரண்டு அறை வீடு கட்டுங்கள். பக்கத்து டவுனிலிருந்து சைக்கிளில் வரும் வாத்தியார் மழை பெய்தால் வர மாட்டார். மற்றபடி சோளம் வாங்கிப் போடுங்கள். தின்று தீர்ந்த சோளத்தின் மேல் பெயர்ப்பலகை மாட்ட முடியாது, அதனால்தான் அதற்கு யாரும் பணம் தருவதில்லை.

டாக்டர் ஒருவர், நாகர்கோவில்: வருடத்துக்கு ஒரு வாரம் மருத்துவ முகாம் நடத்த வருகிறோம். பயன் உண்டா?

கண் புரை, பல் என்றால் உண்டு, வாருங்கள். காய்ச்சலுக்கு என்றால் நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு வருகிற காய்ச்சலை யார் பார்ப்பது?

அங்கே அரசு சுகாதார நிலையங்கள் இரண்டு, மூன்று, நான்கு என்று எண் வைத்து அடுக்கடுக்காக இருக்கின்றன. இரண்டாம் நிலை என்றால் சின்னக் கட்டிடம், நர்ஸ்தான் எல்லாம். பிரசவத்துக்கு மூன்றாம் நிலைக்குப் போக வேண்டும். மருந்து அரசின் மத்தியக் கிடங்கிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். மழைக்காலத்தில் மலேரியா மாத்திரை அதற்குள் தீர்ந்துபோகும். இதற்கெல்லாம் கீழே, ஒவ்வொரு கிராமத்திலும் சுகாதாரத் தொண்டர்கள் இருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. எங்கள் ஊர்த் தொண்டர் ஒரு பாட்டி. குழந்தையின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார், மலேரியா சோதனைப் பட்டையில் வைத்துக் கால் மணி நேரம் காத்திருப்பார், இரண்டு கோடு தெரிந்தால் மாத்திரை கொடுப்பார். ராத்திரியில் போய்வர அவர் கேட்டது டார்ச் பேட்டரியும் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும். பாம்பு பயம்.

2025 ஏப்ரலில் உகாண்டாவில் மலேரியா தடுப்பூசி தொடங்கினார்கள். நம் புனேயில் தயாராகும் ஆர்21 தான். நாலு தவணை. கடைசித் தவணை பதினெட்டாம் மாதம், அதற்குள் அம்மாவுக்கு அடுத்த குழந்தை வயிற்றில் இருக்கும், மறந்துபோகும். வீடு வீடாகப் போய் ஞாபகப்படுத்த ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சைக்கிள் வேண்டும். முகாம் செலவில் எத்தனை சைக்கிள் வரும் என்று கணக்குப் போடுங்கள் டாக்டர்.

முருகேசன், கோவை: ஒரு போர்வெல் போட்டுக் கொடுத்தால் ஊருக்குத் தண்ணீர்ப் பிரச்சினை தீருமா?

போட்டால் மட்டும் தீராது, பம்பு பழுதானால் சரிசெய்ய வழி வேண்டும். உங்கள் ஊருக்கே சம்பந்தம் உள்ள விஷயம். அங்கே நான் முதலில் பார்த்தது நம் இந்தியா மார்க் 2 பம்பு. 1970-களில் யுனிசெஃப் உதவியோடு மெட்ராஸில் தயாரானது. 80-களில் கோவை வட்டாரத்தில் வருடக்கணக்காகப் போட்டுப் பார்த்து அதிலிருந்து மார்க் 3 வந்தது. உகாண்டாவில் யூ2, யூ3 என்பார்கள்.

மார்க் 2-வில் சிக்கல் என்னவென்றால், வாஷர் தேய்ந்தால் தலையைக் கழற்றி, சங்கிலியை அவிழ்த்து, குழாய் மொத்தத்தையும் வெளியே இழுக்க வேண்டும். மூன்று மீட்டர் இரும்புக் குழாய், ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு. கிளாம்ப் நழுவினால் எல்லாம் கிணற்றுக்குள். ஆறு பேர் அரை நாள் மல்லுக்கட்டி அடியில் இருக்கும் சிலிண்டரைத் திறந்தால், உள்ளே விரலில் மாட்டலாம் போல ஒரு தேய்ந்த வாஷர். ஒரு பாட்டில் சோடா விலைதான் இருக்கும். அதற்காக ஊரே நாலு மாதம் சதுப்பு நிலத்துத் தண்ணீரைக் குடித்திருந்தது. மார்க் 3-ல் கம்பியை மட்டும் இழுத்தால் போதும், குழாய் அப்படியே இருக்கும்.

இன்னொன்று, துரு. சில இடத்தில் நிலத்தடி நீர் இரும்புக் குழாயை அரித்துவிடும். தேயிலை போட்டால் கறுத்துப்போகும், வெள்ளைச் சட்டை பழுப்பாகும், பெண்கள் பம்பை விட்டுவிட்டுப் பழைய ஊற்றுக்கே போய்விடுவார்கள். போர் போடும்போதே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பிளாஸ்டிக் குழாய் கேளுங்கள்.

தண்ணீர்க் கமிட்டி வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும். அந்தப் பணம் பொருளாளர் வீட்டில் இருந்தால் ஒரு சாவு விழுந்ததும் காணாமல் போகும். திருடவில்லை, கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் பெண்களின் சேமிப்புக் குழுவிடம் கொடுத்தோம். அவர்களிடம் ஓர் இரும்புப் பெட்டி, மூன்று பூட்டு, சாவிகள் மூன்று வெவ்வேறு வீட்டில். நம் மகளிர் குழு மாதிரிதான், ஆனால் வங்கி கிடையாது, டிசம்பரில் மொத்தத்தையும் பிரித்துக்கொள்வார்கள். வாஷர் காசு மட்டும் தனி டப்பாவில் பெட்டிக்குள்ளேயே இருக்கும்.

பாத்திமா, காயல்பட்டினம்: பெண்களுக்குத் தையல் பயிற்சி கொடுக்க ஆசை. மெஷின் நாங்கள் வாங்கித் தருகிறோம்.

அக்கா, இந்தத் தப்பை நானே செய்தேன். பதினொரு மெஷின் வாங்கி ஆறு மாதம் பயிற்சி கொடுத்தோம். வருடம் முடிவதற்குள் நாலு மெஷின் சந்தையில் விலைக்கு வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணியை அங்கே மிவும்பா என்பார்கள். அந்த விலைக்கு யாராலும் தைக்க முடியாது. தையல்காரருக்கு நிச்சயமான வாடிக்கையாளர் பள்ளிச் சீருடை ஒன்றுதான், அதுவும் பிப்ரவரியில் பள்ளி திறக்கும்போது. ஒரு ஊருக்கு இரண்டு தையல்காரர் போதும்.

சாலையில் நின்று எது ஓடுகிறது, எது பழுதாகி நிற்கிறது என்று பாருங்கள். அங்கே ஓடுவது போடா போடா எனும் பைக் டாக்சி, பெரும்பாலும் பஜாஜ் பாக்ஸர். பைக் மெக்கானிக்கிடம் விட்டுப் பழக்கினால் பையன் முதல் வாரத்திலேயே பஞ்சர் ஒட்டிக் காசு பார்ப்பான். படிப்பை விட்டவர்களுக்கும் செய்முறைத் தேர்வு வைத்துத் திறன் சான்றிதழ் தரும் அரசு ஏற்பாடு உண்டு, தேர்வுக் கட்டணத்தைக் கட்டுங்கள்.

கார்த்திக், சிங்கப்பூர்: பேசாமல் பணத்தையே கையில் கொடுத்துவிட்டால் என்ன?

கொடுக்கலாம். 2008-ல் வடக்கு உகாண்டாவில் அரசே இளைஞர் குழுக்களுக்கு, தொழில் கற்கவும் கருவி வாங்கவும், ஆளுக்குச் சுமார் 380 டாலர் கொடுத்துப் பார்த்தது. நாலு வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் வருமானம் கிடைக்காதவர்களைவிட 38 சதவீதம் அதிகம். குடித்து அழித்துவிடவில்லை. ஆனால் ஒன்பதாவது வருடம் மற்றவர்களும் எட்டிப் பிடித்துவிட்டார்கள். அதனால் பயனில்லை என்று சிலர் சொல்கிறார்கள். பிள்ளை வளர்கிற வயதில் கிடைத்த அந்த வருடங்களை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

பெயர் வேண்டாம், சென்னை: அனாதை இல்லம் தொடங்க நிலம் பார்த்துத் தருவீர்களா?

மாட்டேன். அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். சோறும் படிப்பும் கிடைக்கும் என்றுதான் கொண்டுவந்து விடுகிறார்கள். அதே செலவைப் பாட்டி வீட்டுக்குக் கொடுத்தால் பிள்ளை பாட்டியோடு இருக்கும்.

ரவி, திருச்சி: இங்கிருந்து அனுப்பினால் 80ஜி வரிவிலக்கு உண்டா?

வெளிநாட்டு அமைப்புக்குத் தந்தால் கிடையாது.

லட்சுமி, மதுரை: ஒன்பது வருடம் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

கேழ்வரகுக்குப் பூர்வீகமே அந்தப் பக்கம்தான். ஆடாப் என்று ஒன்று கிண்டுவார்கள், நம் களியேதான், மரவள்ளி மாவும் புளித்தண்ணீரும் சேரும். முதல் நாளே பழகிவிட்டது. குழம்புக்குத்தான் கஷ்டம். முருங்கை நட்டேன், இரண்டு முறையும் ஆடு தின்றுவிட்டது.