ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்று ஜெபித்த பிறகும் கவலை ஏன் திரும்ப வருகிறது?

'எல்லாவற்றையும் கர்த்தர் கையில் ஒப்புக்கொடுத்து ஜெபிக்கிறேன், ஒரு மணி நேரத்தில் கவலை திரும்ப வந்துவிடுகிறது, என் விசுவாசம் பொய்யா?' என்று கேட்டிருக்கிறீர்கள். பொய் இல்லை. வீட்டில் எல்லாப் பாரத்தையும் சுமக்கிற ஆள் நீங்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி இருந்தவள்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்துவிட்டது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். புரையேறாமலிருக்க நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் நேரம் போட்டு எழுதிவைத்தேன். உதவிக்கு வந்த தங்கை மாத்திரை கொடுத்தால், பின்னாலேயே போய் மீதியை எண்ணிப் பார்ப்பேன். 'நீ தூங்குக்கா, நான் பாத்துக்கறேன்' என்று எத்தனையோ முறை சொன்னாள். ஒரு ராத்திரிகூட நான் அவளிடம் விடவில்லை. ஆனால் தினமும் காலையில் முழங்கால்போட்டு, 'அம்மாவை உம் பாதத்தில் வைக்கிறேன் ஆண்டவரே' என்று ஜெபிப்பேன்.

ஒரு நாள் எனக்கே காய்ச்சல். படுத்தவள் விடியும்வரை எழவில்லை. பதறி ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா உடை மாற்றி, தலை வாரி, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நோட்டில் ஒவ்வொரு நேரமும் தங்கை கையெழுத்தில் இருந்தது. எனக்கு நிம்மதி வரவில்லை, கோபம் வந்தது. நான் இல்லாமலும் அந்த ராத்திரி நல்லபடியாகக் கழிந்துவிட்டதே என்று. அந்தக் கோபத்தைக் கண்டுதான் பயந்துபோனேன். 'இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை' என்கிற 121ஆம் சங்கீதம் சின்ன வயதிலிருந்தே எனக்கு மனப்பாடம். உறங்காமல் காக்கிற அந்த இடத்தில் நானே போய் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் வேதத்தில் 1 பேதுரு 5ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படித்தேன். 'உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்' என்கிற 7ஆம் வசனத்தை மட்டும் நாம் தனியாகப் பிடித்துக்கொள்கிறோம். மூலத்தில், கிரேக்கத்தில், அதற்கு முந்தின வசனமும் இதுவும் ஒரே வாக்கியம். 'அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்' என்பது எப்படி என்றால், கவலைகளை அவர்மேல் போட்டுவிட்டு. 'போட்டுவிட்டு' என்பதற்கான இந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: லூக்கா 19:35, சீஷர்கள் தங்கள் வஸ்திரங்களைக் கழுதைக்குட்டியின்மேல் போடுகிற இடம். போட்ட வஸ்திரத்தைச் சுமப்பது கழுதைக்குட்டி, போட்டவன் இல்லை. கவலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பது தாழ்மைக் குறைவு என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லித்தந்ததில்லை.

மருந்தை நிறுத்திவிட்டு ஜெபித்தால் போதும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நோட்டு கடைசிவரை இருந்தது. அடி உதை வாங்குகிறவர்களிடம் 'ஒப்புக்கொடுத்துப் பொறுத்துப் போ' என்று சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். கவலை திரும்ப வருவதும் பாவம் இல்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே அதே ஜெபத்தை மூன்று முறை செய்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். பாரத்தை இறக்கிவைக்க நினைத்து ஒருவரிடம் நம்பிச் சொன்னேன். அது 'ஜெபக் குறிப்பு' ஆகி, எங்கள் அம்மாவின் படுக்கை நிலைமை வரைக்கும் எல்லாருக்கும் போய்விட்டது. அம்மாவிடம் கேட்டார்களா? மற்றவர்களுக்காக ஜெபிக்கிறவர்கள் தயவுசெய்து அனுமதி கேளுங்கள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

சரி, அப்புறம் நான் செய்தது இதுதான். ராத்திரிகளைப் பாதியாகப் பிரித்து, தங்கையிடம் நோட்டைக் கொடுத்தேன். முதல் ராத்திரி இரண்டு முறை எழுந்து கதவுவரை போனேன். இரண்டாவது முறை கதவில் கைவைத்தபடி, 'ஆண்டவரே, இது என் முறை இல்லை' என்று சொல்லிவிட்டுத் திரும்பிவந்து படுத்தேன். அம்மாவுக்கு வலது கை கடைசிவரை வரவில்லை. அந்த ராத்திரி கழிந்து காலையில் உள்ளே போனபோது, குழறுகிற வாயால் என்னைப் பார்த்து 'தூங்கினியா?' என்று கேட்டார்.