காமாகுவேய் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

கியூபாவின் காமாகுவேய் மாகாணத்துக்கு இரண்டு முறை போய் வந்தவன் என்பதால் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: எல்லாரும் ஹவானா, வரதேரோ என்கிறார்கள். காமாகுவேயில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: மாடுகள், கரும்பு, தேவாலயங்கள், கோணல் தெருக்கள். பரப்பளவில் கியூபாவின் மிகப் பெரிய மாகாணம் இது. மாகாணத் தலைநகருக்கும் அதே பெயர். 1514இல் ஸ்பானியர் வடகரையில் அமைத்த ஊர், இடம் மாறி மாறி 1528இல் உள்நாட்டில் நிலைத்தது. பழைய நகர்ப்பகுதி 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 'கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று பட்டியலோடு போனால் ஏமாறுவீர்கள். இது சும்மா நடக்க வேண்டிய ஊர்.

கேள்வி: தெருக்களில் வழி தவறும் என்கிறார்களே, கடற்கொள்ளையரைக் குழப்பவே அப்படிக் கட்டினார்களாம், உண்மையா?

பதில்: வழி தவறுவது உண்மை. 1668இல் ஹென்றி மோர்கன் ஊரைச் சூறையாடியதும் உண்மை. அதற்காகவே திட்டமிட்டு வளைத்தார்கள் என்ற கதையைத்தான் நான் நம்பவில்லை. தேவாலயத்தைச் சுற்றி வீடுகள், வீடுகளுக்கு நடுவே சந்து என்று தானாக வளர்ந்த ஊராகத்தான் தெரிகிறது. கார்மென் சதுக்கத்தில் மார்த்தா ஹிமேனெஸ் செய்த சிலைகளைத் தேடிப் பாருங்கள். பெண்கள் கூடி உட்கார்ந்து வம்பளக்கிறார்கள். நம் ஊர்த் திண்ணையேதான். இன்னொரு சிலை பேப்பர் படிக்கும் மனிதர்.

கேள்வி: படங்களில் பெரிய மண்பானைகள் தெரிகின்றனவே?

பதில்: தினாஹோன். ஊரின் அடையாளமே அதுதான். நம் முதுமக்கள் தாழியை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இது உயிரோடு இருப்பவர்களுக்கு. ஊரில் தண்ணீர்த் தட்டுப்பாடு, அதனால் கூரையில் விழும் மழைநீரை இதில் பிடித்து வைத்தார்கள். முற்றத்தில் பாதி புதைத்து வைப்பதால் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும். நான் தங்கிய வீட்டில் ஒன்று, என் இடுப்பளவு வெளியே தெரிந்தது. உள்ளே குனிந்து குரல் கொடுத்தால் கிணற்றில் கேட்பது போலக் கேட்டது.

கேள்வி: அண்ணை, நான் லண்டன். பிரிட்டிஷ் பாஸ்போர்ட். ஏதும் சிக்கல் வருமா?

பதில்: கியூபாவில் இல்லை, அமெரிக்காவில். 2021 ஜனவரி 12க்குப் பிறகு கியூபா போனவர்கள் 'எஸ்டா'வில், அதாவது விசா இல்லாமல் போக இணையத்தில் எடுக்கும் அனுமதியில், அமெரிக்கா நுழைய முடியாது. முறையான விசா எடுக்க வேண்டும். நியூஜெர்சியில் அடுத்த வருடம் அக்கா மகள் கல்யாணம் என்றால் முதலில் இதை யோசியுங்கள்.

கேள்வி: பணம்?

பதில்: ரொக்கம், யூரோவோ டாலரோ, சின்ன நோட்டுகளாக. அமெரிக்க வங்கி அட்டைகள் செல்லாது. மற்ற அட்டைகளையும் நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். பட்டினிதானா?

பதில்: பட்டினி இல்லை, ஆனால் அலுக்கும். கருப்பு பீன்ஸ் சோறு, வறுத்த வாழைக்காய், பூண்டு ஊற்றிய மரவள்ளிக்கிழங்கு, அவகாடோ. சோற்றில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம், ஆகவே 'சின் கார்னே, சின் மான்டெக்கா' என்று இரண்டையும் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் இறைச்சியை மட்டும் விட்டுவிட்டுக் கொழுப்பில் சமைத்துத் தருவார்கள். ஒரு ஊறுகாய் பாக்கெட் கொண்டு போங்கள்.

கேள்வி: எங்கே தங்குவது? மின்வெட்டு எப்படி?

பதில்: 'காசா பர்த்திகுலார்', அதாவது வீட்டில் அறை வாடகைக்கு. மின்வெட்டு நிஜம், 2024 அக்டோபரில் நாடு முழுக்கவே கரண்ட் போனது. ஜெனரேட்டரோ இன்வெர்ட்டரோ இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். டார்ச், பவர்பேங்க் அவசியம். எரிபொருள் தட்டுப்பாட்டால் பேருந்தும் ரத்தாகலாம். திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளைக் காலியாக விடுங்கள்.

கேள்வி: எந்த மாதம்? கடற்கரை உண்டா?

பதில்: நவம்பர் கடைசி முதல் ஏப்ரல் வரை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். கடல் என்றால் சாந்தா லூசியா, நகரிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். வெளியே பவளப் பாறை இருப்பதால் கரையருகே அலை அடங்கியிருக்கும்.

கேள்வி: கொசு?

பதில்: மஞ்சள் காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்று 1881இல் சொன்ன கார்லோஸ் ஃபின்லே பிறந்த ஊர் இது. கொசு விரட்டி இல்லாமல் போவது அவருக்கே அவமரியாதை.

கேள்வி: தினாஹோன் தண்ணீரைக் குடித்தவர் ஊரை விட்டுப் போக மாட்டார் என்பார்களாமே, குடித்தீர்களா?

பதில்: இல்லை. பாட்டில் தண்ணீர்தான். அப்படியும் இரண்டாம் தடவை போனேன்.