தண்ணீரில்லாத தீவில் ஒரு தலைநகரம்

வாசகர் கேள்வி – பதில்

தூத்துக்குடி வாசகி ஒருவர், தாம் எழுதிவரும் சரித்திரப் புதினத்துக்காகத் தீவுத் துறைமுக நகரம் ஒன்றைக் கற்பனையாகப் படைத்திருப்பதாகவும், குடிநீரும் பயிர்பச்சையும் இல்லாத அத்தீவில் அரசரும் வணிகரும் செல்வச் செழிப்போடு வாழ்வதாக எழுதியதைப் படித்த நண்பர்கள் சிரிப்பதாகவும் சொல்லி, அப்படி ஒரு நகரம் இருந்திருக்க முடியுமா என்று சென்ற இதழில் கேட்டிருந்தார். ‘ஹோர்முஸ் என்று ஒன்று இருந்தது’ என ஒரே வரியில் பதில் தந்தேன். அந்தச் சிக்கனத்துக்குத் தண்டனையாக வந்து குவிந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தண்ணீர் இல்லாத இடத்தில் போய் ஏன் நகரம் அமைத்தார்கள்? அருகில் நல்ல நிலமே இல்லையா? (மதுரை வாசகர்)

பதில்: நல்ல நிலம் இருந்தது, நகரமும் முதலில் அங்கேதான் இருந்தது. ஈரானின் தென்கரையில், இன்றைய மீனாப் நகருக்கு அருகே, ஆறும் பேரீச்சந்தோப்புகளுமாக இருந்த பழைய ஹோர்முஸைத்தான் 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கண்டார். உள்நாட்டிலிருந்து வந்த மங்கோலியக் குதிரைப்படைகளின் கொள்ளை தாங்க முடியாமல் போகவே, 1300ஆம் ஆண்டை ஒட்டி, பஹாவுத்தீன் அயாஸ் என்ற ஆட்சியாளர் குடிகளைத் திரட்டிக்கொண்டு எதிரே கடலில் கிடந்த ஜரூன் என்னும் சிறு தீவுக்குக் குடிபெயர்ந்தார். அயாஸ் துருக்கிய அடிமையாக வாழ்வைத் தொடங்கியவர் என்பதைப் புதினம் எழுதும் வாசகி குறித்துக்கொள்ளலாம். ஊரோடு ஊரின் பெயரும் கடல் கடந்தது. ஜரூன் என்ற பெயர் மெல்ல மறைந்து, தீவே ஹோர்முஸ் ஆயிற்று.

அந்தத் தீவு கடலடியிலிருந்து மேலெழுந்த உப்புக் குன்று. பரப்பளவு ஏறத்தாழ 42 சதுர கிலோமீட்டர். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஹேயின் சீனக் கப்பற்படையோடு சென்ற மா ஹுவான் அங்குள்ள மலையை வியந்து எழுதியிருக்கிறார்: ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் செம்மண், ஒரு பக்கம் சுண்ணாம்பு போன்ற வெள்ளை மண், மற்றொரு பக்கம் மஞ்சள்கிழங்கின் நிறத்தில் மண். உப்பைக் கல்லைப்போலப் பெயர்த்தெடுத்துத் தட்டும் கிண்ணமுமாகக் குடைந்து, அவற்றில் உணவிட்டு உண்டதால் தனியே உப்புச் சேர்க்கும் வேலையே இல்லை என்பதும் அவர் தரும் செய்திதான். 14ஆம் நூற்றாண்டில் வந்த மொராக்கோப் பயணி இப்னு பதூதா, குடிநீர் அங்கே விலையுள்ள பொருள் என்றும், நகருக்குத் தொலைவிலுள்ள மழைநீர்த் தொட்டிகளிலிருந்து தோற்பைகளில் சுமந்து, படகில் ஏற்றிக் கொண்டுவருகிறார்கள் என்றும் எழுதினார். மீனும் பேரீச்சம்பழமும்தான் அன்றாட உணவு. அதையே ‘அரசர்க்குரிய விருந்து’ என்று அந்த ஊர்க்காரர்கள் பாரசீக மொழியில் பெருமை பேசிக்கொண்டார்களாம். மழைத் தொட்டிகள் போதாதபோது பக்கத்திலிருந்த கெஷ்ம் தீவிலிருந்தும் எதிர்க்கரையிலிருந்தும் தண்ணீர்ப் படகுகள் வந்தன. 1583இல் அங்கே வந்த ஆங்கிலேயர் ரால்ஃப் ஃபிட்ச், உலகிலேயே மிக வறண்ட தீவு இதுதான், உப்பைத் தவிர வேறெதுவும் இங்கே விளைவதில்லை என்று எழுதினார்.

குதிரைமீது வருகிற கொள்ளைக்காரனைக் கடல் தடுத்தது. மண்ணுக்காக வருகிறவனுக்கு அங்கே மண்ணே இல்லை. பாரசீக வளைகுடாவின் வாயில் அமைந்த இடம் ஒன்றுதான் அந்தத் தீவின் சொத்து.

கேள்வி: விளைச்சலே இல்லாத நகரத்துக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? (கும்பகோணம் வாசகர்)

பதில்: சுங்கத்திலிருந்து. பஹ்ரைனின் முத்தும், பாரசீகத்தின் பட்டும், அரேபியாவின் குதிரையும் பேரீச்சம்பழமும் ஒரு புறமிருந்து வந்தன; இந்தியாவின் அரிசியும் மிளகும் சர்க்கரையும் துணியும் மறுபுறமிருந்து வந்தன. இரண்டும் சந்தித்துக் கைமாறும் இடமாக ஹோர்முஸ் இருந்தது. 1442இல் பாரசீகத்தை ஆண்ட ஷாருக் மன்னரின் தூதராகக் கள்ளிக்கோட்டைக்கும் விஜயநகரத்துக்கும் புறப்பட்ட அப்துர் ரஸாக் இங்கே கப்பலேறினார். எகிப்து, சிரியா தொடங்கிச் சீனம், சாவகம், வங்காளம் வரை எல்லா நாட்டு வணிகரும் இங்கே வருகிறார்கள் என்றும், பொன், வெள்ளி நீங்கலாக எல்லாச் சரக்குக்கும் மதிப்பில் பத்தில் ஒரு பங்கு வரியாகக் கொடுக்கிறார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். எல்லாச் சமயத்தாரும் அங்கே நிறைந்திருந்தனர், எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை, ஊருக்கே ‘அடைக்கல வீடு’ என்று பெயர் என்பதும் அவர் வாக்கு.

இந்த நல்லிணக்கத்தை அரசரின் பெருந்தன்மை என்று மட்டும் கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வயல் உள்ள அரசன் வணிகனைப் பகைத்துக்கொண்டாலும் சோறு உண்பான். ஹோர்முஸ் அரசனுக்கு அந்த வசதி இல்லை. வணிகன் மனம் கசந்து கப்பலை வேறு துறைக்குத் திருப்பினால், அடுத்த வாரம் அரண்மனை அடுப்பில் வைக்க அரிசி இராது. ஆகவே, புதினத்தில் அரண்மனைக்கு ஒதுக்கிய பக்கங்களைக் குறைத்துச் சுங்கச்சாவடிக்குக் கொடுக்குமாறு தூத்துக்குடி வாசகியைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: ஹோர்முஸிலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் வந்தன என்கிறார்களே, உண்மையா? (காயல்பட்டினம் வாசகர்)

பதில்: உண்மைதான். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தை ஒட்டிப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதிய குறிப்பில், ஹோர்முஸ், கீஷ், கதீஃப், பஹ்ரைன் முதலிய துறைகளிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மஅபர் எனப்பட்ட நம் கரைக்கும் அதன் அண்டைத் துறைகளுக்கும் ஏற்றுமதியானதாகவும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் சொல்லப்படுகிறது. வணிகக் கணக்குகள் வாய்வழியாகப் பரவும்போது பெருத்துவிடும் என்பதால் அந்த எண்ணிக்கையை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு; ஆனால் காயல் துறையில் அரபு நாட்டுக் குதிரைகள் பெருந்தொகையாக இறங்கியதை மார்க்கோ போலோவும் உறுதிசெய்கிறார்.

குதிரைகள் வந்த கப்பலைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். இரும்பாணி இல்லாமல் தென்னை நாரால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மரக்கலம் அது; மேல்தளம் கிடையாது; சரக்கின்மேல் தோலை விரித்து, அத்தோலின்மேல் குதிரைகளை நிறுத்தி, இந்தியக் கடலின் புயலுக்குள் செலுத்துவார்கள். அப்படி உயிர் பிழைத்து வந்த குதிரைக்கு இங்கே பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த தானியத்தையும், நெய்யில் சமைத்த தானியத்தையும், காய்ச்சிய பசும்பாலையும் கொடுத்தார்கள் என்று வஸ்ஸாஃப் வருந்துகிறார். விருந்தோம்பலில் நாம் குறை வைத்ததில்லை. ஆனால் குதிரை அதைத் தாங்க வேண்டுமே. ஆண்டுதோறும் குதிரைகள் மடிந்தன. ஆண்டுதோறும் புதியவை தேவைப்பட்டன. ஹோர்முஸின் சுங்கச்சாவடியும் நிறைந்தது.

கேள்வி: ஊர் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அரசர் நல்லவரா? (சேலம் வாசகி)

பதில்: வீதிகளில் பாரசீகமும் அரபும் ஒலித்தன, முஸ்லிம்களோடு குஜராத்தி வணிகர்களும் யூதர்களும் அங்கே வாழ்ந்தார்கள். வெயிலின் கொடுமைக்கு, மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழ்த்தளம் வரை இறக்கும் காற்றுப்போக்கிகளை வீடுகளில் அமைத்திருந்தார்கள். எல்லாமே வெளியிலிருந்து வந்ததால் விலைவாசி அதிகம்; ஆயினும் கிடைக்காத பண்டம் என்று ஒன்றும் இல்லை. உலகம் ஒரு மோதிரமானால் அதில் பதித்த மணி ஹோர்முஸ் என்பது அக்காலத்துப் பழமொழி.

அரசரைப் பற்றிக் கேட்டால் கதை இருளடைகிறது. உண்மையான அதிகாரம் அமைச்சர்களின் கையில் இருந்தது. தமக்கு இணங்கும் சிறுவனை அரியணையில் அமர்த்துவதும், வளர்ந்து தலைதூக்கும் அரச குலத்தவரின் கண்களைக் குருடாக்கிக் காவலில் வைப்பதும் வழக்கமாயிருந்தன. கொலை செய்யாமல் விட்டதே கருணை என்று கருதப்பட்டதோ என்னவோ. 1507இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகெர்க்கி தாக்கியபோது அரசராக இருந்தவர் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவர். ஆட்சியை நடத்தியவர் அமைச்சர் குவாஜா அத்தார். 1515இல் அல்புகெர்க்கி மீண்டும் வந்து நகரைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தபோது, குருடாக்கப்பட்ட அரச குலத்தார் பலரை கோவாவுக்கு அனுப்பிவைத்தார்.

கேள்வி: இவ்வளவு பெரிய நகரம் எப்படி அழிந்தது? போர்த்துக்கீசியர் அழித்தார்களா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: போர்த்துக்கீசியர் நகரை அழிக்க வரவில்லை, அதன் வருமானத்தைப் பங்குபோட வந்தார்கள். 1507இல் ஆண்டுக்கு 15,000 செராஃபின் நாணயம் என்று தொடங்கிய கப்பம், 1523இல் 60,000 ஆயிற்று. அந்த உயர்வுக்கு முன்னால் ஒரு கலகம் நடந்தது. 1521இல் சுங்கச்சாவடியில் தம் அலுவலரைப் போர்த்துக்கீசியர் அமர்த்தியதும் ஊர் எழுந்தது. அரசர் தூரான் ஷா குடிகளோடு கெஷ்ம் தீவுக்குப் பெயர்ந்து, அங்கே தம் ஆட்களாலேயே கொல்லப்பட்டார். போர்த்துக்கீசியரின் கோட்டையையும் கப்பத்தையும் பொறுத்துக்கொண்ட ஊர், சுங்கச்சாவடியில் கைவைத்ததும் பொங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். 1543இல் சுங்க வருமானம் முழுவதுமே போர்த்துக்கீசியர் வசமானது. அதன்பின் அரசர் பெயருக்குத்தான் அரசர்.

முடிவு தண்ணீரின் வழியாக வந்தது. பாரசீகத்தின் ஷா அப்பாஸ் எதிர்க்கரையைப் பிடித்தபின், தீவின் குடிநீருக்கு கெஷ்ம் கிணறுகள் இன்றியமையாதவை ஆயின. அவற்றைக் காக்கவே போர்த்துக்கீசியர் 1621இல் அங்கே கோட்டை கட்டினார்கள். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களைத் துணைக்கு அழைத்துக்கொண்ட பாரசீகப் படை, 1622இன் தொடக்கத்தில் முதலில் கெஷ்மைத்தான் தாக்கியது. வட துருவக் கடலில் தம் பெயரை ஒரு விரிகுடாவுக்குத் தந்த ஆங்கில மாலுமி வில்லியம் பாஃபின், பனிக்கடலில் பிழைத்துவந்து இந்த வெயில் தீவின் முற்றுகையில் உயிர்விட்டார். கெஷ்ம் விழுந்து சில மாதங்களுக்குள் ஹோர்முஸ் கோட்டையும் பணிந்தது.

ஷா அப்பாஸுக்குத் தீவு தேவைப்படவில்லை. வணிகம் தம் கரையில் நடக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். எதிர்க்கரையில் கோம்ப்ரூன் எனப்பட்ட சிற்றூர் அவர் பெயரால் பந்தர் அப்பாஸ் ஆயிற்று. அதன் சுங்க வருமானத்தில் பாதி ஆங்கிலேயருக்கு என்பது உடன்படிக்கை. வணிகர்கள் சுங்கச்சாவடி இருந்த இடத்துக்குப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால், ஹோர்முஸ் வீடுகளின் கல்லும் மரமும் பெயர்க்கப்பட்டுப் படகேறின.

கேள்வி: இப்போது அங்கே பார்க்க என்ன இருக்கிறது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: சில ஆயிரம் மக்கள் வாழ்கிறார்கள். மா ஹுவான் கண்ட செம்மண்ணை ஏற்றுமதி செய்துவந்தார்கள். மீனோடு சேர்த்துக் குழம்பாக்கி உண்ணவும் செய்கிறார்கள். அரண்மனையோ சுங்கச்சாவடியோ இன்று நின்றிருக்கவில்லை. செங்கல்நிறக் கற்களால் எழுப்பிய போர்த்துக்கீசியக் கோட்டை பாதி இடிந்து கடலைப் பார்த்து நிற்கிறது. அதற்குள்ளே வளைவுக் கூரையிட்ட தண்ணீர்த் தொட்டியை இன்றும் காணலாம்.