கரன்ட் இல்லாத இடத்தில் கேரவன்: பேட்டரிக்கு எது, சிலிண்டருக்கு எது?

கேள்வி: நாங்கள் நான்கு பேர். மின் இணைப்பே இல்லாத இடத்தில் மூன்று இரவு தங்கப் போகிறோம். கேரவனில் 100 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், அதாவது ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) லெட்-ஆசிட் பேட்டரி ஒன்று இருக்கிறது. போதுமா, இன்னொன்று வாங்க வேண்டுமா?

முதலில் ஒரு நாள் செலவைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு.

100 ஏஹெச் என்று ஒட்டியிருந்தாலும் லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் தகடுகளில் சல்பேட் படிந்து ஆயுள் மளமளவென்று குறையும். ஆகவே உங்கள் கையில் இருப்பது 50 ஏஹெச். இனி செலவு: 3 வாட்ஸ் எல்இடி விளக்கு ஆறு, தினம் 4 மணி நேரம் எரிந்தால் 6 ஏஹெச். தண்ணீர் பம்ப் ஓடும்போது 5 ஆம்பியர் இழுக்கும். ஆனால் நாள் முழுக்கச் சேர்த்தாலும் கால் மணி நேரம்தான் ஓடும், ஒன்றேகால் ஏஹெச். நான்கு போன்களுக்கு 5 அல்லது 6. ஒன்றரை ஆம்பியர் இழுக்கும் 12 வோல்ட் ஃபேன் ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் 12. கூட்டினால் நாளுக்கு 25 ஏஹெச். இரண்டாம் நாள் முடிவில் பேட்டரி பாதிக்கு வந்துவிடும், மூன்றாம் நாளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் ஃப்ரிட்ஜ் எரிவாயுவில் ஓடக்கூடியது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. வீட்டு ஃப்ரிட்ஜ்போல மின்சாரத்தில் மட்டும் ஓடும் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜாக இருந்தால் அது மட்டுமே நாளுக்கு 30 முதல் 40 ஏஹெச் கேட்கும். மொத்தக் கணக்கும் மாறிவிடும்.

வெயில் அடிக்கும் பருவமென்றால் இரண்டாவது பேட்டரிக்கு முன் 120 வாட்ஸ் சோலார் பேனல் வாங்குங்கள். நல்ல வெயில் நாளில் 20 ஏஹெச்சுக்கு மேல் திரும்ப வந்துவிடும், மூன்று இரவென்ன, ஒரு வாரமும் ஓட்டலாம். மழைக்காலத்திலோ மர நிழலிலோதான் தங்குவீர்கள் என்றால் இரண்டாவது பேட்டரிதான் சரி. ஏற்கெனவே இருப்பது பழசாக இருந்தால் புதியதை அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பழையது புதியதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும்.

பேட்டரியின் நிலையை அறிய மல்டிமீட்டர் போதும். மின்சாரம் உள்ளே போகாமலும் வெளியே வராமலும் மூன்று நான்கு மணி நேரம் விட்டு அளக்க வேண்டும். 12.7 வோல்ட் என்றால் முழுசு, 12.2 பாதி, 11.8 ஏறத்தாழக் காலி. சார்ஜரைக் கழற்றிய கையோடு அளந்து '13 இருக்கிறது' என்று நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

கேள்வி: 2000 வாட்ஸ் இன்வெர்ட்டர் போட்டுவிட்டால் வீட்டிலிருக்கும் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, ஹேர் டிரையர் எல்லாவற்றையும் கேரவனிலும் பயன்படுத்தலாமே?

பயன்படுத்தலாம், சில நிமிடங்களுக்கு. 2000 வாட்ஸை 12 வோல்ட்டால் வகுத்து இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 185 ஆம்பியர் வரும். 100 ஏஹெச் லெட்-ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரத்துக்கு எடுப்பதாக வைத்து அளந்தது. 185 ஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் சரிந்து இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தி நின்றுவிடும். பேட்டரி அப்போதும் காலியாகியிருக்காது, அந்த வேகத்தில் கொடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

வாங்கும் எல்லா முடிவுகளுக்கும் அடிப்படையாக ஒரு கணக்கை மனதில் வையுங்கள். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறத்தாழ 13 யூனிட் வெப்பம். 100 ஏஹெச் லெட்-ஆசிட் பேட்டரியில் நீங்கள் எடுக்கக்கூடியது 0.6 யூனிட். அதாவது ஒரு கிலோ எரிவாயுவுக்கு ஈடாக இருபது பேட்டரிக்கு மேல் வேண்டும். எனவே சூடாக்கும் வேலை எதுவானாலும் (சமையல், வெந்நீர், அறைச் சூடு) சிலிண்டரிடம் விடுங்கள். வெளிச்சம், பம்ப், ஃபேன், போன், லேப்டாப் பேட்டரியிடம் இருக்கட்டும். இந்தப் பங்கீட்டை மீறுகிறவர்கள்தான் ராத்திரி இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

லேப்டாப்புக்கும் கேமரா சார்ஜருக்கும் 300 வாட்ஸ் ப்யூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம்போலச் சீரான அலை தரும்) இன்வெர்ட்டர் போதும். மாடிஃபைடு சைன் வேவ் மலிவு, ஆனால் சில சார்ஜர்கள் அதில் சூடேறும், மோட்டார்கள் உறுமும். பெரிய இன்வெர்ட்டர் சும்மா ஆன் செய்து வைத்தாலே ஒரு ஆம்பியர் வரை தின்னும். 24 மணி நேரத்தில் 24 ஏஹெச், அதாவது மேலே சொன்ன குடும்பத்தின் ஒரு நாள் செலவு. வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். 1000 வாட்ஸ் வேண்டும் என்று தீர்மானித்தால் வயர் குறைந்தது 25 ஸ்கொயர் எம்எம், நீளம் ஒன்றரை மீட்டருக்குள், 125 ஆம்பியர் ஃப்யூஸ் பேட்டரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே. இன்வெர்ட்டர் பக்கம் ஃப்யூஸ் வைத்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது எதையும் காப்பாற்றாது.

கேள்வி: லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா? பழையதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அப்படியே வைத்தால் போதும் என்கிறார் கடைக்காரர்.

மாறலாம். கேரவனுக்கு வாங்குவது எல்எஃப்பி என்கிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாக இருக்கட்டும். 100 ஏஹெச்சில் 80 முதல் 90 வரை எடுக்கலாம், எடையோ பாதிக்கும் குறைவு. ஆனால் 'அப்படியே வைத்தால் போதும்' என்பதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மூன்று விஷயங்களைக் கேட்டு, பில்லோடு எழுதி வாங்குங்கள்.

உங்கள் சார்ஜரிலும், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் சோலார் கன்ட்ரோலரிலும் லித்தியம் செட்டிங் இருக்கிறதா? பழைய சார்ஜர் பல, லெட்-ஆசிட்டுக்கான வோல்டேஜைத்தான் கொடுக்கும். சில, சல்பேட் நீக்குவதற்காக 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும். லித்தியத்துக்கு அது ஆகாது. அடுத்து, உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) எத்தனை ஆம்பியர் தாங்கும்? 50 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ள பேட்டரியில் 1000 வாட்ஸ் இன்வெர்ட்டரை மாட்டினால் பாதியில் துண்டித்துவிடும். மூன்றாவது, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜை நிறுத்தும் வசதி உண்டா? உறைகுளிரில் சார்ஜ் ஏற்றினால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும். பனி விழும் இடங்களுக்குப் போகிறவர்கள் ஹீட்டர் உள்ள மாடலைப் பாருங்கள்.

கேரவனை இழுக்கும் வண்டியிலிருந்து சார்ஜ் ஏற்றுபவர்களுக்கு வண்டியின் வோல்டேஜைப் பேட்டரிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். இப்போதைய வண்டிகளின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்டேஜைக் குறைத்துவிடும். நேர் வயரில் பேட்டரி நிரம்பவே நிரம்பாது. இன்னொன்று: எல்எஃப்பி பேட்டரி பெரும்பாலான நேரம் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். மல்டிமீட்டரை வைத்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. ஷன்ட் (உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பியரை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டரையும் சேர்த்தே வாங்குங்கள்.

கேள்வி: '2,70,000 எம்ஏஹெச் பவர் ஸ்டேஷன்' என்று ஒன்று விளம்பரத்தில் வருகிறது. கேரவன் பேட்டரியைவிட எவ்வளவோ பெரிதல்லவா?

இல்லை. அந்த எண் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. 270 ஏஹெச்சை 3.7-ஆல் பெருக்கினால் 1000 வாட்-ஹவர், அதாவது ஒரு யூனிட். அதையே 12 வோல்ட்டில் சொன்னால் 83 ஏஹெச். இன்வெர்ட்டர் வழியாக எடுக்கும்போது அதிலும் பத்து பதினைந்து சதவீதம் போகும். எந்தப் பொருளையும் வாட்-ஹவரில் மட்டும் ஒப்பிடுங்கள். அட்டைப்பெட்டியில் வாட்-ஹவரே இல்லையென்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: கூரையில் 200 வாட்ஸ் பேனல் இருக்கிறது. உச்சி வெயிலில்கூட 110 வாட்ஸுக்கு மேல் காட்டுவதில்லை. பேனல் பழுதா?

பேனலைக் குறை சொல்வதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். அது நிரம்பியிருந்தால் கன்ட்ரோலரே வரவைக் குறைத்துவிடும். பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது உச்சி வெயிலில் பார்க்கும் எண்தான் உண்மை.

அப்போதும் குறைவென்றால், கன்ட்ரோலர் பிடபிள்யூஎம் வகையா என்று பாருங்கள். பேனல் 18 வோல்ட்டில்தான் முழு வாட்ஸ் தரும். பிடபிள்யூஎம் அதை 13 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்துவிடும், 200 வாட்ஸ் 145 ஆகச் சுருங்கும். எம்பிபிடி கன்ட்ரோலர் அந்த உபரி வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும். அடுத்தது நிழல். ஆன்டெனாக் கம்பியின் நிழல் ஒரு செல் வரிசையில் விழுந்தாலே பேனலின் பெரும்பகுதி முடங்கும். கூரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் பேனல் சூட்டாலும் வலுவிழக்கும். அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் காற்றுப் போக இடம் வேண்டும். கடைசியாக வயர்: 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் போட்டு 10 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 ஸ்கொயர் எம்எம் போட்டால் 0.3-க்குள் நிற்கும்.

கன்ட்ரோலரை மாற்றும்போது முதலில் பேட்டரி இணைப்பு, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். வரிசை மாறினால் கன்ட்ரோலர் கருகலாம்.

கேள்வி: 10 கிலோ எரிவாயு எத்தனை நாள் வரும்? மிச்சம் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுப்பு இரண்டு மணி நேரம் எரிந்தால் 300 கிராம். எரிவாயு ஃப்ரிட்ஜ் நாளுக்கு ஏறத்தாழ 300. பத்து லிட்டர் வெந்நீர் இரண்டு தடவை போட்டால் 100, 120. மொத்தம் நாளுக்கு 700 கிராம், ஏறத்தாழ இரண்டு வாரம் வரும். ஆனால் குளிர்காலத்தில் 2 கிலோவாட் அறை ஹீட்டர் ராத்திரி 8 மணி நேரம் எரிந்தால் அது மட்டுமே ஒன்றேகால் கிலோ. அதே சிலிண்டர் ஐந்து நாளில் தீர்ந்துவிடும்.

ரெகுலேட்டரில் இருக்கும் பிரஷர் கேஜை நம்பாதீர்கள். உள்ளே துளி திரவம் இருக்கும்வரை அழுத்தம் மாறாது. முள் இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். சரியான வழி எடை போடுவது. சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் காலி எடை பொறித்திருக்கும். அதைக் கழித்தால் மிச்சம் தெரியும். தராசு இல்லையென்றால் ஒரு சொம்பு வெதுவெதுப்பான நீரைச் சிலிண்டரின் பக்கவாட்டில் ஊற்றி, உள்ளங்கையை மேலிருந்து கீழே மெல்ல இறக்குங்கள். சட்டென்று ஜில்லென்று படும் இடம்தான் திரவத்தின் மட்டம்.

கேள்வி: சிலிண்டர் பாதி இருக்கிறது, ஆனாலும் குளிர்காலக் காலையில் அடுப்பு சோம்பி எரிகிறது. ஏன்?

எல்பிஜியில் இருப்பவை புரொப்பேனும் பியூட்டேனும். உங்கள் சிலிண்டரில் பெரும்பகுதி பியூட்டேனாக இருக்கலாம். அது பூஜ்யம் டிகிரியை ஒட்டி ஆவியாவதையே நிறுத்திவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். குளிர்ப் பிரதேசத்துக்குப் புரொப்பேன் வாங்குங்கள். ரெகுலேட்டர் அந்தச் சிலிண்டருக்குப் பொருந்துவதாகவும், அதன் வெளியீட்டு அழுத்தம் அடுப்பின் தகட்டில் எழுதியிருப்பதாகவும் இருக்க வேண்டும். சின்னச் சிலிண்டரில் ஹீட்டரையும் அடுப்பையும் சேர்த்து எரித்தாலும் இதே தொல்லை வரும்: ஆவியாகும்போது திரவம் தானே குளிர்ந்து, சிலிண்டரின் வெளியே பனி பூக்கும். அதற்காகச் சிலிண்டரைச் சூடுகாட்டவே கூடாது. பயன்பாட்டைக் குறையுங்கள், அல்லது பெரிய சிலிண்டருக்கு மாறுங்கள்.

கேள்வி: எங்கள் மூவழி ஃப்ரிட்ஜ் (12 வோல்ட், வீட்டு மின்சாரம், எரிவாயு மூன்றிலும் ஓடுவது) பயணத்தின்போது நன்றாகக் குளிர்கிறது, நிறுத்தி எரிவாயுவில் போட்டால் குளிர்வதில்லை.

கேரவன் சாய்ந்து நிற்கிறது என்றே முதலில் சந்தேகப்படுங்கள். இவ்வகை ஃப்ரிட்ஜில் அம்மோனியாக் கரைசல் புவியீர்ப்பால்தான் ஓடுகிறது. மூன்று டிகிரிக்கு மேல் சாய்ந்தால் அது தேங்கிவிடும்; ஓடும் வண்டியில் குலுங்கிக்கொண்டே இருப்பதால் தெரியாது. ரசமட்டத்தை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். மட்டம் சரியென்றால், பர்னரின் மேல் உதிர்ந்த துருவும், வெளி கிரில்லை அடைக்கும் சிலந்தி வலையும் அடுத்த காரணங்கள். நன்றாகக் குளிர 6 முதல் 8 மணி நேரம் ஆகும் என்பதால் கிளம்புவதற்கு முந்தின நாளே போட்டுவிடுங்கள். 12 வோல்ட்டில் ஓட்டுவது வண்டி ஓடும்போது மட்டும். நிறுத்திய பின் விட்டால் 10 ஆம்பியருக்கு மேல் இழுத்து ஓர் இரவில் பேட்டரியைக் கொன்றுவிடும்.

கேள்வி: தரையில் இருக்கும் ஓட்டைகள் வழியாகக் குளிர் வருகிறது. அடைத்துவிடலாமா?

தயவுசெய்து அடைக்காதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். வெளியேறுவதற்கென்றே வைத்த வழி அந்த ஓட்டை. கசிவு அலாரத்தைத் தரைக்கு அருகில் பொருத்துங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி. இஎன் 50291-2 என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள், கேரவனுக்கும் படகுக்கும் உரிய தரம் அது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஜ்வாலை மஞ்சளாவது, பாத்திரத்தில் கரி பிடிப்பது, இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வருவது ஆகியவைதான் அறிகுறி. உடனே எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அறைச் சூட்டுக்கு அடுப்பை எரிப்பதும் கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் உயிரோடு விளையாடுவது. அணைந்ததுபோல் தெரியும் கரியும் விஷவாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும்.

சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவி ஒரு நிமிடம் பாருங்கள். குமிழி ஒன்று மெல்ல உப்பினாலும் வால்வை மூடிவிட்டு வாஷரைப் பாருங்கள். ஹோஸில் அச்சிட்டிருக்கும் தேதி கடந்திருந்தாலோ, வளைத்தால் வெடிப்பு தெரிந்தாலோ புதியது மாற்றுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடும்.